பழமொழியை எங்கே வைப்பது?

கேள்வி இதுதான். கல்லூரி ஆண்டு மலருக்காக ஒருவர், தங்கள் ஊர்க் கிணறுகள் வற்றிப்போனது பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் ‘நீரின்றி அமையாது உலகு’. முடிவில், ஒரு பெரிய மனிதர் சொன்னதாக இணையத்தில் கிடைத்த பொன்மொழி. நடுவில் ஓரிடத்தில் ‘சிறுதுளி பெருவெள்ளம்’. இன்னோரிடத்தில் அவருடைய பாட்டி சொன்ன ஒரு சொலவடை. பேராசிரியர் நான்கையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஓரத்தில் ‘தேய்ந்த சரக்கு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ‘எழுத்தில் பழமொழியே கூடாதா? எங்கள் பாட்டி வாயைத் திறந்தால் பழமொழிதான், கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?’ என்று கேட்கிறார். கட்டுரையையும் கூடவே அனுப்பியிருக்கிறார். படித்துப் பார்த்தேன். என் கணக்கில், நான்கில் மூன்றை அடித்தது சரி, ஒன்றை அடித்தது தப்பு. எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் ஒரு வார இதழில் பிழை திருத்துபவனாகச் சேர்ந்து, அப்புறம் உதவி ஆசிரியனாகி ஓய்வு பெற்றவன். தபாலில் வரும் கட்டுரைகளில் முக்கால்வாசி பழமொழியிலோ குறளிலோதான் தொடங்கும். எழுதியவர்கள்மேல் தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். முன்னுரையில் ஒரு மேற்கோள் காட்டு, முடிவுரையில் ஒன்று காட்டு, மதிப்பெண் வரும். அந்தப் பழக்கம் ஐம்பது வயதிலும் போவதில்லை. நாங்கள் மேசையில் செய்த முதல் வேலை அந்த முதல் வரியை எடுப்பது. எடுத்ததும் கட்டுரை இரண்டாவது வரியிலிருந்து தானாக நடக்க ஆரம்பிக்கும். எடுத்தது தெரியவே தெரியாது. அதாவது அந்த வரி அங்கே எந்த வேலையும் செய்யவில்லை.

பழமொழிக்கு என்ன வேலை என்பதைத் தொல்காப்பியர் செய்யுளியலில் கணக்காகச் சொல்லியிருக்கிறார். நுண்மை வேண்டும், சுருக்கம் வேண்டும், ஒளி வேண்டும் என்று அதன் குணங்களைச் சொல்லிவிட்டு, ‘குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம் ஏது நுதலிய முதுமொழி’ என்கிறார். நுண்மை, சுருக்கம் எல்லாரும் சொல்வதுதான். எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் வரும் மூன்று சொற்கள். ‘குறித்த பொருள்’ என்றால் ஏற்கெனவே ஒரு விஷயம் நடுவில் கிடக்கிறது, அதைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. ‘முடித்தற்கு’ என்றால் அந்தப் பேச்சை ஒரு முடிவுக்குக் கொண்டுவர. ‘ஏது’ என்றால் காரணம். ஆக, பழமொழி என்பது வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது எடுத்து வைக்கும் ஒரு காரணம். வழக்கே தொடங்காத இடத்தில் அதை வைத்தால், வாதி பிரதிவாதி யாரும் வராத மன்றத்தில் தீர்ப்பு வாசித்த கதைதான்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே ஒரு தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் கொங்குப் பக்கம். கிணற்றுப் பாசனம். அண்ணன் தம்பி இரண்டு பேர், அப்பா காலமான பிறகு பாகம் பிரிக்க உட்கார்ந்தார்கள். நிலம் பிரிவதில் சிக்கல் இல்லை. கிணறு ஒன்றுதான். அதில் யாருக்கு எந்தெந்த நாள் மோட்டார் போடும் முறை என்பதை அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று தம்பி நின்றார். அண்ணன், ‘ஆகட்டும், ஆடி போகட்டும்’ என்று இழுத்தார். பஞ்சாயத்துக்கு வந்திருந்த தாய்மாமன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு சூடாகி, பெண்கள் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குப் போனதும், தலை நிமிராமல் சொன்னார்:

‘ஏந்தம்பி, கெணத்துத் தண்ணிய வெள்ளமா கொண்டுட்டுப் போயிரும்?’

அவ்வளவுதான். சத்தம் அடங்கிவிட்டது. ‘நீ அவசரப்படுகிறாய், உன் அண்ணனை நம்பவில்லை, இது நன்றாக இல்லை’ என்று அவர் சொல்லியிருந்தால் இன்னொரு சண்டை வந்திருக்கும். அவர் அதில் எதையும் சொல்லவில்லை. ஊரில் எல்லாரும் சொல்கிற ஒன்றைச் சொன்னார். கோபப்பட வேண்டுமென்றால் யார்மேல் கோபப்படுவது? சொன்னவர் மாமன், ஆனால் சொல் மாமனுடையதில்லை. மரியாதை கெடாமல் ஒருவரைக் கண்டிக்க இதைவிட வசதியான கருவி நம் பேச்சில் இல்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. தம்பி கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

‘வெள்ளம் கொண்டுட்டுப் போவாதுங் மாமா. பக்கத்துத் தோட்டத்துல போர் போடறாங்க, அது கொண்டுட்டுப் போயிருமுங்க.’

தாய்மாமன் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டார். அன்று சாயங்காலமே முறை எழுதப்பட்டது. பழமொழி தோற்றுப்போனது என்று நான் நினைக்கவில்லை. ஒரு காரணமாக வந்தது, இன்னொரு காரணம் அதை வென்றது. நாலு நாள் இழுக்க வேண்டிய பேச்சு இரண்டே வரியில் முடிந்தது. நாங்கள் இன்னும் அந்த இரண்டு வரியைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பழமொழியோடு மல்லுக்கு நிற்பது நேற்றுத் தொடங்கியதும் இல்லை. ‘பழமொழி’ என்ற சொல் அகநானூற்றிலேயே இருக்கிறது. வேறொருத்தியை நாடித் தேரில் கிளம்பிய கணவன், தெருவில் தன் சிறுபிள்ளையைக் கண்டு இறங்கி அணைத்துக்கொள்கிறான். பிள்ளை விடாமல் அழ, அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறான். அதைத் தோழிக்குச் சொல்லும் மனைவி, பிள்ளை பெற்றவர்களுக்கு இம்மையும் மறுமையும் நன்றாக அமையும் என்று ‘பல்லோர் கூறிய பழமொழி எல்லாம்’ உண்மைதான் என்று கண்டுகொண்டோம் என்கிறாள். இது 66ஆம் பாட்டு. இன்னொருத்தி, 101ஆம் பாட்டில், பிரிந்து போனவனை நினைத்து, நல்லது செய்த இடத்தில் தீது வராது என்னும் ‘தொன்றுபடு பழமொழி இன்று பொய்த்தன்று கொல்’ என்று கேட்கிறாள். ஒருத்திக்குப் பலித்தது, ஒருத்திக்குப் பொய்த்தது. இருவருமே பழமொழியைத் தன் வாழ்க்கையின்மேல் வைத்து உரசிப் பார்க்கிறார்கள். மாமாவுக்குப் பதில் சொன்ன அந்தத் தம்பி இவர்கள் வழியில் வந்தவர்தான்.

எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பழமொழி நானூறு ஒரு நல்ல பாடம். முன்றுறை அரையனார் செய்தது, பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று. ஒவ்வொரு வெண்பாவிலும் ஒரு பழமொழி உண்டு. அநேகமாக எல்லாவற்றிலும் அது வருகிற இடம் கடைசி அடி. ஒன்றைப் பாருங்கள்:

பொல்லாத சொல்லி மறைந்தொழுகும் பேதைதன்
சொல்லாலே தன்னைத் துயர்ப்படுக்கும் – நல்லாய்
மணலுள் முழுகி மறைந்து கிடக்கும்
நுணலும்தன் வாயால் கெடும்.

மறைவில் இருந்து பொல்லாதது பேசும் ஆள் முதலில் வருகிறான். அப்புறம் மணல் வருகிறது. அந்த மணலுக்குள் ஏதோ மறைந்திருக்கிறது என்பதுவரை சொல்லி நிறுத்துகிறார். கடைசி அடி தொடங்கும்போதுதான் அது தவளை என்று தெரிகிறது. கத்தாமல் இருந்திருந்தால் அங்கே இருப்பது யாருக்கும் தெரிந்திருக்காது. பழமொழியை முதல் அடியில் வைத்திருந்தால் மற்ற மூன்று அடியும் வெறும் விளக்கவுரையாகப் போயிருக்கும்.

‘நுணல்’ என்ற சொல் இன்று வழக்கில் இல்லை. ஆனால் ‘தவளை தன் வாயால் கெடும்’ என்று இன்றும் சொல்கிறோம். ‘பாம்பறியும் பாம்பின கால்’ என்று அதே நூலில் வருவது நம் வாயில் ‘பாம்பின் கால் பாம்பறியும்’ என்று திரும்பிக்கொண்டது. எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, சதை மட்டும் மாறியிருக்கிறது. எழுதும்போது இன்றைய வடிவத்தையே எழுதுங்கள். நுணலைக் கொண்டுவந்தால் படிக்கிறவர் அகராதி தேடப் போவார், விஷயம் நடுவழியில் நிற்கும்.

பழமொழியை அடுக்கடுக்காக வைத்தும் ஒருவர் ஜெயித்திருக்கிறார். அப்பர் திருவாரூரில் பாடிய ஒரு பதிகம் நான்காம் திருமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டும் ஒரு பழமொழியில் முடியும். ‘கனியிருக்கக் காய்கவர்ந்த கள்வனேனே’, ‘முயல்விட்டுக் காக்கைப்பின் போனவாறே’, ‘விளக்கிருக்க மின்மினித்தீக் காய்ந்தவாறே’, ‘கரும்பிருக்க இரும்புகடித் தெய்த்தவாறே’. சமணத்தில் கழித்த வருடங்களை நினைத்து நொந்துகொள்ளும் பாட்டு. இத்தனை பழமொழி ஒரே இடத்தில் இருந்தும் சலிக்காததற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான்: எல்லாவற்றையும் அவர் தன்மேலேயே வைத்துக்கொள்கிறார். ‘இனிய உளவாக இன்னாத கூறல் கனியிருப்பக் காய்கவர்ந் தற்று’ என்று குறளில் அறிவுரையாக நிற்கும் அதே கனியும் காயும், இங்கே ‘கள்வனேன்’ என்று ஒருவர் வாக்குமூலம் கொடுப்பதாக மாறிவிடுகிறது. ஊருக்குப் புத்தி சொல்ல ஒரு பழமொழியே அதிகம். தன்னைத் திட்டிக்கொள்ளப் பத்து இருந்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சரி, உங்கள் முதல் வரிக்கு வருகிறேன். ‘நீரின்றி அமையாது உலகு’ என்று வள்ளுவர் எழுதவில்லை. அவர் எழுதியது:

நீர்இன்று அமையாது உலகெனின் யார்யார்க்கும்
வான்இன்று அமையாது ஒழுக்கு.

‘உலகெனின்’ என்பதில் இருக்கும் ‘எனின்’ஐக் கவனியுங்கள். தண்ணீர் இல்லாமல் உலகம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அதை ஒப்புக்கொண்டால் இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும், மழை இல்லாவிட்டால் யாராக இருந்தாலும் ஒழுக்கம் நிலைக்காது. அவர் சொல்ல வந்தது இரண்டாம் பாதி. முதல் பாதி அதற்கு ஏறும் படி. நாம் படியை மட்டும் பெயர்த்தெடுத்து வந்து தண்ணீர்த் தொட்டியிலும் சுவரிலும் எழுதி வைத்திருக்கிறோம். அந்த முதல் பாதி வேறு இடத்திலும் இருக்கிறது. நற்றிணையின் முதல் பாட்டில் கபிலர் ‘நீரின்று அமையா உலகம் போலத் தம்மின்று அமையா நம்’ என்று ஒரு பெண்ணைப் பேச வைக்கிறார். தண்ணீர் இல்லாமல் உலகம் எப்படி இல்லையோ அப்படி அவர் இல்லாமல் நான் இல்லை என்று காதலைச் சொல்கிறாள். ஒரே வரி, இரண்டு வேலை. இரண்டு பேருமே அதை இன்னொன்றைச் சொல்வதற்காகத்தான் எடுத்தார்கள். கிணறு வற்றியதைப் பற்றிய கட்டுரையில் தண்ணீர் முக்கியம் என்று தொடங்கினால், அது யாருக்கும் புதிய செய்தி இல்லை. இரண்டாம் பாதியை எடுத்திருந்தால், வற்றிய கிணற்றடியில் அண்ணன் தம்பிக்குள் என்ன ஆகிறது என்று எழுத இடம் கிடைத்திருக்கும்.

இப்படிப் பாதி வெட்டிய வரிகள் நம்மிடம் ஏராளம். ‘முயற்சி திருவினை ஆக்கும்’ எல்லா வகுப்பறையிலும் உண்டு. ‘முயற்றின்மை இன்மை புகுத்தி விடும்’ என்ற மீதி எங்கும் இல்லை. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்பதை மேடைதோறும் கேட்கிறோம். கணியன் பூங்குன்றனாரின் அந்தப் புறநானூற்றுப் பாட்டு அதற்கப்புறம், ஆற்று வெள்ளத்தில் அடித்துப் போகும் புணைபோல் உயிர் போகிறது என்று சொல்லி, ஆகவே ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்று முடிகிறது. அந்தக் கடைசி வரியை எந்தப் பாராட்டு விழாவில் வாசிக்க முடியும்? அதனால்தான் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

பொன்மொழிக்கும் பழமொழிக்கும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். பழமொழிக்குச் சொந்தக்காரர் கிடையாது. அதன் அதிகாரம் ஊர். பொன்மொழிக்கு ஒரு பெயர் வேண்டும், அதன் அதிகாரமே அந்தப் பெயர்தான். ஆகவே பெயர் தப்பென்றால் வரியும் போச்சு. புத்தர், விவேகானந்தர், அப்துல் கலாம் பெயரில் காலை வணக்கத்தோடு வரும் வரிகளை, எந்தப் புத்தகத்தில், எந்தப் பேச்சில் என்று காட்ட முடியாதவரை நாங்கள் அச்சேற்றியதில்லை. உங்கள் கட்டுரையின் கடைசி வரிக்கும் அதே கதிதான்.

பழமொழிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, அதனால் அவற்றில் சாரம் இல்லை என்று ஒரு வாதம் உண்டு. ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்கிறோம். ‘ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா’ என்றும் சொல்கிறோம். எதைக் கேட்பது? களத்துமேட்டில் நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வராது. ஆள் உயரமாக நின்று முறத்திலிருந்து நெல்லைச் சரிய விடுவார். காற்று அடித்தால் மணி நேராக விழும், பதர் தள்ளிப் போய் விழும். காற்று நின்றால் இரண்டும் ஒரே குவியலாக விழும், செய்த வேலை வீண். அப்போது முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான். காற்று நம் கையில் இல்லாத வேலைக்கு ஒன்று, அடுப்பு நம் கையில் இருக்கும் வேலைக்கு இன்னொன்று. ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்ற வள்ளுவரேதான் ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’ என்றும் சொன்னார். குறித்த பொருள் மாறினால் ஏதுவும் மாறும்.

இன்னொரு தொல்லையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ‘இந்தப் பழமொழியின் உண்மைப் பொருள் தெரியுமா?’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது. ‘சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்பது தவறாம், ‘சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்பதுதான் சரியாம், சஷ்டி விரதம் இருந்தால் கருப்பையில் பிள்ளை தங்கும் என்று அர்த்தமாம். ‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே’ என்பதில் குதிரை இல்லையாம், ‘மண் குதிர்’, அதாவது மணல் திட்டாம். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்பது ‘வேரை’யாம். இவை எல்லாவற்றுக்கும் ஒரே செய்முறை. ஓர் எழுத்தை மாற்று, கேலியை எடு, உபதேசத்தைப் போடு. பழைய ஏட்டிலோ நூலிலோ ஓரிடத்தில் இப்படி இருப்பதைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறேன், இதுவரை யாரும் காட்டியதில்லை.

எனக்கு வருத்தம் வேறு. ‘சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்’ என்பதில் என்ன குறை? மாசக் கடைசியில் சோற்றுக்குக் குழம்பு கேட்ட பிள்ளையிடம், அகப்பையைச் சட்டியின் அடியில் வைத்துச் சுரண்டிக் காட்டி ஒரு தாய் அதைச் சொல்வதைக் கேட்டவருக்கு, அதில் சஷ்டியைத் தேடத் தோன்றாது. அந்தச் சுரண்டுகிற சத்தமே அர்த்தம். மண்குதிரையும் அப்படித்தான். பார்வைக்குக் குதிரை, தண்ணீரில் கால் வைத்தால் கரைசல். அது அபத்தமாக இருப்பதால்தான் நினைவில் நிற்கிறது. கொன்று பழகி வைத்தியனான ஆளைப் பற்றிய கேலியும் ஒரு நோயாளி சமூகத்தின் கசப்பு. பெரியவர்கள் கேலி பேசியிருக்க மாட்டார்கள் என்று நாமாக முடிவு செய்துகொண்டு அவர்கள் வாயைக் கழுவிவிடுகிறோம்.

அதே சமயம், கழுவினாலும் போகாத அழுக்கும் அங்கே உண்டு. பெண்ணை மட்டம் தட்டுவது, சாதிப் பெயரைச் சொல்லி இழிப்பது, உடல் ஊனத்தைக் கேலி செய்வது எல்லாம் பழமொழியாக இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டுத் தொகுப்புகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் வரும். ‘பெண்புத்தி பின்புத்தி’ என்பதற்குப் ‘பின்னால் வரப்போவதை அறியும் புத்தி’ என்று பொருள் சொல்லிக் காப்பாற்றப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சொன்னவர்கள் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்பது சொல்லப்பட்ட பெண்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவற்றை ஆய்வுக்கு எடுக்கலாம், கதையில் ஒரு பாத்திரத்தின் வாயில் வைக்கலாம். உங்கள் சொந்தக் குரலில் வைக்க வேண்டாம்.

தொகுப்புகள் என்றதும் ஒரு வார்த்தை. பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியார், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர், தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு தொகுத்தார். 1874இல் சென்னையில் வந்த அவருடைய பெரிய பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. 1897இல் ஹெர்மன் ஜென்சன் பொருள்வாரியாகப் பிரித்து ஒன்று போட்டார். பிறகு கி.வா.ஜகந்நாதன் நான்கு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். மூன்றுமே நான் மேசையில் வைத்திருந்தவை. ஆனால் கட்டுரைக்குப் பழமொழி வேண்டும் என்று அவற்றைத் திறக்காதீர்கள். அகர வரிசையில் பழமொழி படிப்பது, சோறு இல்லாமல் ஊறுகாயை மட்டும் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடுவது போல. கேட்ட ஒன்று சரியாக நினைவில் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் திறங்கள்.

அப்புறம் ஓசை. ‘உழுகிற நாளில் ஊருக்குப் போனால் அறுக்கிற நாளில் ஆள் தேவையில்லை.’ வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் பாதியில் உ, ஊ. இரண்டாம் பாதியில் அ, ஆ. குறில் ஒன்று, அதற்கு நெடில் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத யாரோ கட்டிய மோனை இது. அதைவிடப் பெரிய வேலை சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. பயிர் விளையாது என்று எங்கேயும் சொல்லவில்லை. ‘ஆள் தேவையில்லை’ என்று ஏதோ செலவு மிச்சம் மாதிரி முடிகிறது. ஒரு கணம் கழித்துத்தான் காலி வயல் கண்ணில் தெரிகிறது. ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ என்பதிலும் உழுதவனையும் உழக்கையும் ஓசைதான் கட்டிப்போட்டிருக்கிறது. உழக்கு என்பது படியில் கால்பங்கு. அளவு கடையை விட்டுப் போய்ப் பல காலம் ஆகியும் பழமொழி அதை விடவில்லை. அங்கே ‘இத்தனை மில்லி’ என்று போட்டால் எல்லாம் கெட்டது. பழமொழியை நீட்டி, விளக்கி, ‘என்பதற்கிணங்க’ என்று வால் ஒட்டி எழுதுகிறவர்கள் கெடுப்பது இந்த ஓசையைத்தான். ‘என்ற பழமொழிக்கு ஏற்ப’ என்று அறிமுகம் கொடுக்கவே வேண்டாம். பழமொழி என்று தெரிந்தவருக்கு அறிமுகம் தேவையில்லை, தெரியாதவருக்கு அது உங்கள் வாக்கியமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இளைஞர்களுக்குப் பழமொழியே தெரியவில்லை என்று புலம்புகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. இலவு காத்த கிளி தெரியாமல் இருக்கலாம். இலவங்காய் பழுக்காது, வெடித்துப் பஞ்சாகப் பறக்கும் என்பதை அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளை எங்கே பார்க்கும்? ஆனால் ஒரு கூட்டத்தில் யாராவது வீறாப்பாகப் பேசி மாட்டிக்கொள்ளும்போது, பின்வரிசையிலிருந்து ஒரு பையன் வடிவேலு பேசிய ஒரு வரியைப் போடுகிறான், இடமே சிரித்து முடிகிறது. கவுண்டமணி வரிகளும் அப்படியே. எல்லாருக்கும் தெரிந்தது, சொன்னவன்மேல் பழி இல்லை, பேச்சு அதோடு முடிகிறது. கட்டிலில் உட்கார்ந்து மாமன் செய்த அதே வேலை. இவற்றில் எது அறுபது வருடம் கழித்தும் இருக்கும் என்பது வேறு விஷயம்.

இனி உங்கள் கட்டுரை. குறளை எடுத்துவிடுங்கள், அல்லது இரண்டாம் பாதிக்கு ஏற்றபடி கட்டுரையை விரியுங்கள். பொன்மொழி போகட்டும். ‘சிறுதுளி பெருவெள்ளம்’ மழைநீர் சேமிப்புத் தட்டியில் ஏற்கெனவே இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். உங்கள் பேராசிரியர் தப்பாக அடித்தது நான்காம் பக்கத்தில் இருக்கும் பாட்டியின் வாக்கியம். கிணற்றுக் கயிற்றோடு இன்னொரு கயிற்றை முடிந்து, அதுவும் எட்டாமல், வாளியை வெறுமனே மேலே இழுத்து வைத்துவிட்டு அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்: ‘எறைச்ச கெணறு ஊறும்பாங்க. எறைச்சு எறைச்சுத்தானே இப்பிடி ஆச்சு.’

இது தேய்ந்த சரக்கு இல்லை. பழமொழி நானூற்றில் ‘இறைத்தோறும் ஊறும் கிணறு’ என்று முடியும் ஒரு வெண்பா உண்டு. இல்லாதவர்களுக்குக் கொடுத்தால் செல்வம் குறைந்துவிடும் என்று ஒளித்து வைப்பவர்கள், இறைக்க இறைக்க ஊறும் கிணற்றைப் பார்த்ததில்லையா என்று கேட்கிறது அது. கையாலும் கமலையாலும் இறைத்த காலத்தில் அது கண்ணால் கண்ட உண்மை, அதனால்தான் கொடைக்கே அதைக் காரணமாகக் காட்ட முடிந்தது. உங்கள் பாட்டி அந்தக் காரணத்தை வற்றிய கிணற்றடியில் நின்று திருப்பிப் போட்டிருக்கிறார். நிலத்தடி நீர் பற்றி நீங்கள் இரண்டு பக்கம் விளக்கியது அந்த இரண்டு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

ஆகவே அதைத் திரும்பச் சேருங்கள். இப்போது பத்தியின் நடுவில் கிடக்கிறது, வாளி மேலே வந்து தரையில் உட்கார்ந்த பிறகு, பத்தியின் கடைசியில் கொண்டுபோய் வையுங்கள். அதற்குப் பின்னால் ‘என்று பாட்டி வேதனையுடன் கூறினார்’ என்று எழுதியிருப்பதை எடுத்துவிடுங்கள். ‘எறைச்ச’ என்பதை ‘இறைத்த’ என்று அச்சகத்தில் யாராவது திருத்துவார்கள், மெய்ப்பு வரும்போது அதை மட்டும் கவனமாகப் பாருங்கள்.